வெள்ளிக்கிழமைப் பொட்டும் எட்டு சிலிண்டர் வண்டியும்

எங்கள் வீட்டுக்கு மோட்டார் வந்தபோது அதை நிறுத்த மாட்டுக் கொட்டிலைத்தான் காலி செய்தார்கள். மயிலாப்பூரில் குளத்துக்கு மேற்கே இருந்த அந்த வீட்டில் அதுவரை ஒரு பசு இருந்தது. அதை மந்தைவெளியில் ஒரு பால்காரருக்குக் கொடுத்துவிட்டு, தரையைக் கழுவி, குறுக்கே நின்ற கம்பம் ஒன்றை எடுத்துவிட்டு, என் கணவர் வண்டியை உள்ளே விட்டார். அவர் அப்போது ஹைகோர்ட்டில் ஜூனியர் வக்கீல். வண்டி அவருடைய சீனியர் வைத்திருந்து கொடுத்தது. "எட்டு சிலிண்டர்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். யாராவது கூட ஒரு கேள்வி கேட்டால் போதும், எழுந்து கொட்டிலுக்கே அழைத்துப் போய்விடுவார்.

என் மாமியாருக்கு வண்டி வந்ததில் வருத்தமில்லை. பசு போனதில்தான் வருத்தம். வெள்ளிக்கிழமை தோறும் அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்துப் பழகியவர். பசு போன பிறகும் கை நிற்கவில்லை. வழக்கம்போலக் குங்குமச் சிமிழோடு கொட்டிலுக்குப் போய், வண்டியின் இரண்டு விளக்குகளுக்கும் நடுவே ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவார். கணவர் ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கும்போது அந்தப் பொட்டைச் சுற்றித் துடைப்பார்.

வண்டி வந்த அதே சமயத்தில்தான் என் பெண்ணுக்கு இளைப்பும் வந்தது. அப்போது அவள் தவழ ஆரம்பித்திருந்தாள். தூங்கும்போது நெஞ்சுக்குள் ஏதோ கீச்சென்று சத்தம் கேட்கும். நான் எழுந்து உட்கார்ந்து அவள் விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டர் மருந்து கொடுத்தார். சாயங்காலம் கடல் காற்று படட்டும், புகையும் தூசும் ஆகாது என்றார். மழைக்காலத்துக்குள் குணமாகாவிட்டால் நெஞ்சே பிறவியில் பலவீனமோ என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கணவரைப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை.

அதிலிருந்து கணவர் கோர்ட்டிலிருந்து திரும்பியதும் நாங்கள் மூவரும் வண்டியில் அடையாறு பக்கத்துக் கடற்கரைக்குப் போவோம். நம் பக்கத்துக் கடற்கரையில் கூட்டம், அங்கே மணலும் சவுக்குமாக அமைதியாக இருக்கும் என்று அவர் அபிப்பிராயம். பாலத்தைத் தாண்ட வேண்டும் என்பதில் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்காருவேன். பாலம் வருவதற்குள் அவள் இருமத் தொடங்கிவிடுவாள். கடற்கரையில் கொஞ்ச நேரத்தில் அடங்கும். திரும்பும்போது மறுபடியும் இருமல். காற்றுக்காகப் போய்விட்டு, போகாமல் இருந்ததைவிட மோசமாகத் திரும்புவோம்.

மாமியார் என் சாப்பாட்டைக் கவனிக்கத் தொடங்கினார். "பால் கொடுக்கறவ வெள்ளரிக்காயைத் தின்னா குழந்தைக்கு மாரில் சளி கட்டாம என்ன செய்யும்?" என்றார். அந்தக் கோடையில் நான் வெள்ளரிக்காய் சாப்பிட்டது உண்மைதான். அதன் பிறகு என் இலையில் வெள்ளரிக்காயும் தயிரும் விழவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று பாதி நம்பினேன்.

ஆனால் வண்டிக்குள் ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது. வாணலியில் எண்ணெய் காய்ந்து கருகும்போது வருகிற வாசனை. கணவரிடம் சொன்னேன்.

"மோட்டார்னா மோட்டார் வாசனைதான் வரும். மல்லிப்பூ வாசனையா வரும்?" என்றார்.

"இல்லை, இது காலுக்குக் கீழேருந்து வரது."

"உனக்கு எதிலயாவது ஒரு பயம் இருந்துண்டே இருக்கணும்."

அதுவும் உண்மைதான். அதனால் நானே பார்த்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். மறுநாள் கடற்கரைக்குக் கிளம்பும்போது, குழந்தையின் வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, காலடியில் பலகைகள் சேருகிற இடத்தில் விரித்தேன். வீடு திரும்பியதும் எடுத்துப் பார்த்தால், பலகையின் இடைவெளி எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் துணியில் பழுப்பாகக் கோடு விழுந்திருந்தது. துணியைக் கொண்டுபோய்க் கணவர் கையில் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு ராயப்பேட்டைக்கு மெக்கானிக்கைக் கூப்பிடப் போனார்.

அன்றிலிருந்து மெக்கானிக் வரும்வரை என் மனதில் இருந்தது ஒரே ஒரு வேண்டுதல். கோளாறு வண்டியில் இருக்க வேண்டும். புகையை நிறுத்திய பிறகும் குழந்தை இருமினால், டாக்டர் சொன்ன மற்றதுதான் மிச்சம். ஒரு இரும்புச் சாமானில் பழுது இருக்க வேண்டும் என்று அப்படி உருகி வேண்டிக்கொண்டவள் நானாகத்தான் இருப்பேன்.

மெக்கானிக் வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். சாயபு. நல்ல ஆகிருதி, பெரிய குரல். இதற்கு முன்னாலும் ஒரு தடவை வந்து, எண்ணெய் ஒழுகுகிறது என்று இஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தார். கணவர் கோர்ட்டுக்குப் போய்விட்டதால் வீட்டில் மாமியாரும் நானும் குழந்தையும்தான். மாமனார் அறுவடைக்காக ஊருக்குப் போயிருந்தார்.

"இன்னாம்மா, புகை வருதுன்னு ஐயா சொன்னாரு. நான் கை வச்ச வண்டி அழுததே கெடையாதே" என்றார்.

"போன தடவையும் நீதான் கை வெச்சே. அப்புறம் ஏன் அழறது?" என்றார் மாமியார், சமையலறை ஜன்னலிலிருந்து.

"அது வேற அழுகை பெரியம்மா. இது வேற அழுகை."

மெக்கானிக் வண்டியின் முன்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் குனிந்து பார்த்தார். விரலை விட்டுத் தடவி எடுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். இஞ்சின் நடுவே பள்ளமும் இரண்டு பக்கமும் மேடுமாக இருந்தது. அந்தப் பள்ளத்தை மூடியபடி, மேலே கை கையாகப் பிரிகிற ஒரு இரும்புக் குழாய் உட்கார்ந்திருந்தது.

"இதான்மா மேனிஃபோல்டு. வண்டி மூச்சு இழுக்கிற குழாய். இதுதான் இஞ்சினுக்கு மூடியும். இதுக்குக் கீழ எண்ணெய் சுத்திக்கினு கீது. நடுவுல ஒரு பேக்கிங் அட்டை வச்சிருப்பான். அது காஞ்சு போச்சு. பின்பக்கமா எண்ணெய் வழிஞ்சு, சூடா இருக்கிற புகைக்குழாய் மேல சொட்டுது. சொட்டினா கருகாம இன்னா செய்யும்? நான் போன தடவை கீழ பாத்தேன். ஒழுகறது மேலேருந்து."

"அந்தப் புகைதான் உள்ளே வரதா?" என்று கேட்டேன்.

"வேற எங்க போகும்?"

அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்க வேண்டும் போலிருந்தது எனக்கு. கொடுத்தேன்.

அவர் குழாயைக் கழற்றி ஒரு சாக்கின் மேல் வைத்தார். பழைய அட்டை இரும்போடு ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. தகடு ஒன்றால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். துகள் உள்ளே விழுந்துவிடாமல் பள்ளத்தில் துணியை அடைத்திருந்தார். சுரண்டி முடித்ததும் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து, வெயிலில் சாய்ந்து பார்த்து, மறுபடியும் துடைத்தார். அந்த முகம் கடைசியில் வெள்ளி மாதிரி பளபளத்தது.

"பாத்துக்கம்மா, இந்த எடத்துல ஒரு தலைமயிர் இருந்தாக் கூட அந்த வழியா எண்ணெய் வந்துடும். அவ்ளோ சுத்தமா இருக்கணும்" என்றார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வெளுத்த துணியால் இஞ்சினை மூடிவிட்டுக் கிளம்பினார். "வந்து மூடிடறேன். கொயந்தைங்க யாரையும் கிட்ட விடாதீங்க."

வீட்டில் இருந்த ஒரே குழந்தை என் இடுப்பில் இருந்தது. அதனால் நான் கவலையில்லாமல் உள்ளே போய் அவளைத் தூங்க வைத்தேன். திரும்பி வந்து கொட்டிலை எட்டிப் பார்த்தபோது, இஞ்சினை மூடியிருந்த துணி அழகாக மடித்து ஓரத்தில் வைத்திருந்தது. துடைத்துப் பளபளப்பாக்கிய அந்த இரும்பு முகத்தில், மூலைக்கு ஒன்றாக, மஞ்சளும் அதன் மேல் குங்குமமும் பொட்டுப் பொட்டாக இருந்தன.

வெள்ளிக்கிழமை. வண்டியின் வயிற்றைத் திறந்து போட்டிருக்கிறது. மாமியார் பார்த்துவிட்டுச் சும்மா போவாரா? நெற்றி என்று வைத்துக்கொள்ள அதைவிடச் சமமான, துலக்கிய இடம் அந்த வண்டியில் வேறு இருக்கவில்லை. நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள், கையால் தொட்டாலே தடிமனாகத் தெரிந்தது. தலைமயிர் கூட ஆகாது என்று சொன்ன இடத்தில்.

நான் முந்தானை நுனியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். ஒரு துடைப்பில் போய்விடும். ஆனால் வெள்ளிக்கிழமையில், ஒரு சுமங்கலி வைத்த குங்குமத்தை இன்னொரு சுமங்கலி அழிப்பதா? கணவர் காரில் போய் வருகிறவர். நாளைக்கு அவருக்கு ஒரு கீறல் பட்டாலும் இந்தத் துடைப்பு என் ஞாபகத்துக்கு வராமல் போகுமா? கையை எடுத்துவிட்டேன். எடுத்ததும் குழந்தையின் விலா ஞாபகம் வந்தது. மறுபடியும் முந்தானையைப் பிடித்தேன். இப்படியே நின்றுகொண்டிருந்தபோது மெக்கானிக் திரும்பி வந்துவிட்டார்.

அவரும் பார்த்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"பெரியம்மா வச்சதா?"

"ஆமாம்."

"நீங்க தொடச்சுடுங்கம்மா."

"நான் எப்படித் துடைக்கறது? நீங்க துடைச்சுடுங்களேன்."

"நானா? நல்லா சொன்னீங்க. நாளைக்கு இந்த வூட்ல பூனை செத்தாக் கூட, பாய் பொட்ட அழிச்சான்னு என் தலையில வரும்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். அரக்குக் கோந்து கொண்டாந்திருக்கேன். அத ரெண்டு பங்கா பூசி, அட்டைய வச்சு அப்படியே முடுக்கிடலாம். அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்."

"அப்போ எண்ணெய் வராதா?"

அவர் கோந்து டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வராதுன்னுதான் நெனைக்கிறேன்" என்றார்.

காலையில் அத்தனை சத்தமாகப் பேசினவர் இப்போது இத்தனை மெதுவாகச் சொன்னதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வரும். அவர் மரியாதைக்காகவும் நான் பயத்துக்காகவும் அந்தப் பொட்டை உள்ளே வைத்து மூடுவோம். நாளை சாயங்காலம் பாலத்துக்கு முன்னால் குழந்தை இருமுவாள். இருமினால், புகையாலா நெஞ்சாலா என்று யாருக்கும் தெரியாமலே போகும். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாததாக இருந்தது.

"கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

மாமியார் கூடத்தில் மணையைத் தலைக்கு வைத்துக்கொண்டு வெறும் தரையில் படுத்திருந்தார். கண் மூடியிருந்தது, தூங்கவில்லை.

"அம்மா, வண்டியில வெச்சேளே பொட்டு..."

"ஆமாம், அதுக்கென்ன?"

"அந்த இடத்துல ஒண்ணுமே இருக்கப்படாதாம். இருந்தா மறுபடியும் எண்ணெய் வருமாம்."

"யார் சொன்னா? சாயபுவா?"

"அவர் அது மேலயே கோந்தைப் பூசி மூடிடறேங்கறார். நான்தான் சொல்றேன்."

அவர் கண்ணைத் திறந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "நான்தான் சொல்றேன்" என்று நான் அவரிடம் சொன்னதே கிடையாது.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா குங்குமத்தை அழிக்கச் சொல்றயா? நான் என்ன வண்டிக்கு அழகு பார்க்கவா வெச்சேன்? அந்தக் குழந்தை படற பாட்டைப் பார்த்துட்டுத்தானே வெச்சேன்."

"தெரியும்மா. நானும் அவளுக்காகத்தான் கேக்கறேன்."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் தப்பு செய்துவிட்டேன், இதைக் கணவரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம், சாயங்காலம் வரை காத்திருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்றெல்லாம் நினைத்தேன். அதற்குள் அவர் ஒரு கையை ஊன்றி எழுந்துகொண்டார்.

கொட்டிலுக்கு வந்தவர் நேராக மெக்கானிக்கிடம் போனார். "இதுக்கு மேல என்ன வைப்பே?"

"அட்டை பெரியம்மா."

"அட்டைக்கு மேல?"

"இந்தக் குழாய்."

"குழாய்க்கு மேல?"

"அதுக்கு மேல ஒண்ணுமில்ல. வெளியிலதான் தெரிஞ்சிக்கினு இருக்கும்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? மூடற இடத்துல யாராவது பொட்டு வெப்பாளா? நெத்தி மேல இருக்குன்னா மேலதானே வெக்கணும்" என்று மெக்கானிக்கையே திட்டினார். அவர் அந்த நேரத்தில் தொழுகையில் இருந்தார் என்பதை யாரும் சொல்லவில்லை. பிறகு மாமியார் மோதிர விரலால் முதல் மூலையிலிருந்த குங்குமத்தை அப்படியே வழித்து எடுத்து, சாக்கின் மேல் கிடந்த குழாயின் முதுகில் வைத்தார். அடுத்த மூலை. அதையும் எடுத்து அதே இடத்தில் வைத்தார். நாலும் சேர்ந்து அங்கே ஒரே பெரிய பொட்டாக ஆயிற்று.

"எடுத்து வெக்கறதுக்கும் அழிக்கறதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? படிச்சவதானே?" என்று என்னைக் கேட்டார். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "இப்போ அங்க இருக்கறது வெறும் கறை. தொடை" என்றார்.

அவர் பெட்ரோல் துணியை எடுத்து, பூனை செத்துவிடும் என்ற பயமெல்லாம் இல்லாமல், அழுத்தித் துடைத்தார்.

மாமியார் அதற்குப் பிறகு உள்ளே போகவில்லை. அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் புது அட்டையின் இரண்டு பக்கமும் தூரிகையால் பூசினார். அது கையில் ஒட்டுகிற பதத்துக்கு வரும்வரை ஆறவிட்டார். பிறகு அட்டையை ஓட்டைக்கு ஓட்டை பார்த்து வைத்து, அதன் மேல் குழாயை நகராமல் இறக்கினார். போல்ட்டுகளை முதலில் கையால் மட்டும் சுற்றினார். அப்புறம் ஸ்பானரை எடுத்து நடுவில் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார்.

"ஒரு பக்கமா முடுக்கிண்டு வந்தா சீக்கிரம் முடியாதோ?" என்றார் மாமியார்.

"ஓரத்த மொதல்ல முடுக்கினா நடுவுல தூக்கிக்கும் பெரியம்மா. நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போவணும்."

"அப்போ அந்தக் கோடியில இருக்கறதை விட்டுட்டயே."

அவர் பார்த்தார். உண்மையாகவே ஒன்றை விட்டிருந்தார்.

"பெரியம்மா, எங்க ஒர்க்‌ஷாப்புக்கு மேஸ்திரியா வந்துடுங்க."

"வரேன். உனக்குத்தான் அப்புறம் வேலை போயிடும்."

மெக்கானிக் வண்டியை ஓடவிட்டுச் சூடாக்கினார். நிறுத்தி, ஆறவிட்டு, சூட்டில் அட்டை அமுங்கியிருக்கும் என்று இன்னொரு சுற்று முடுக்கினார். வெயில் தாழ்ந்துவிட்டது. இன்றைக்கு வேண்டாம், அரக்கு இறுகட்டும், நாளைக்கு எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கணவர் வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் மூடியைத் திறந்து பார்த்தார். "இது என்ன, இஞ்சின் மேல?"

"அம்மா வெச்சது" என்றேன். அவர் மூடியை மெதுவாக இறக்கினார்.

மறுநாள் சாயங்காலம் கிளம்பினோம். நான் காலடியில் இன்னொரு வெள்ளைத் துணியை விரித்தேன். கணவர் கண்ணாடியில் பார்த்தார், கேலி செய்யவில்லை. லஸ் பக்கம் எங்கேயோ பூக்கடை வாசனை வந்தது. சாலை வளைந்ததும் யாரோ சருகு கொளுத்துகிற புகை வந்தது. நான் குழந்தையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடி, தாண்டியதும் திறந்தேன். பிறகு ஆற்றங்கரைச் சேற்று வாசனை. இத்தனை நாளும் அந்தக் கருகல் இவற்றையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது.

பாலம் வந்தது. அவள் இருமினாள்.

ஒரே ஒரு இருமல். கணவர் வண்டியை மெதுவாக்கினார், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். நான் குனிந்து பார்த்தேன். என் பின்னலிலிருந்து பிரிந்த மயிர் ஒன்று அவள் வாயில் போயிருந்தது. அதை உருவி எடுத்தேன். அவள் தும்மிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் இருமல் வரவில்லை. கடற்கரையில் மணலைப் பிசைந்து காலில் பூசிக்கொண்டாள். நான் அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன், பாலத்துக்கு அப்புறம் ஒரு தடவை, மணலில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை. கடைசித் தடவை அவள் தூங்கிவிட்டிருந்தாள். உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது, கீச்சென்ற சத்தம் கேட்கவில்லை.

வீட்டில் கணவர் மூடியைத் திறந்தார். இஞ்சினின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவி, விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். விரல் காய்ந்திருந்தது. மேலே பொட்டு சூட்டில் அரக்கு நிறமாகியிருந்தது, அதுவும் காய்ந்திருந்தது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் மாமியார் அதே இடத்தில்தான் வைத்தார். பழைய பொட்டை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் புதுசு வைப்பார். எண்ணெய் கசிந்தால் முதலில் தெரிவது அவருக்குத்தான்.

அன்றைக்கு நாங்கள் வந்து இறங்கும்போதே அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இருமினாளா?"

"ஒரே ஒரு தடவை. என் தலைமயிர் வாயில போய்."

"தலையை நன்னாப் பின்னிண்டு போறதுக்கென்ன?" என்றார். குழந்தையை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் முதுகில் கன்னத்தை வைத்தபடி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். எனக்குக் கேட்டதுதான் அவருக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட உட்கார்ந்தேன். அவர் பரிமாறிக்கொண்டே வந்து, என் இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார். வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி. கடுகு தாளித்து, கொத்துமல்லி தூவி. எனக்குக் கண் கலங்கியது, மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.